விரல் நீள மீனுக்கு 117 ஏக்கர்: மோவாப்பா சரணாலயம் போகலாமா?

கேள்வி: "டிசம்பர் கடைசியில் லாஸ் வேகாஸில் இருக்கும் மகன் வீட்டுக்கு வருகிறோம். அங்கே பாலைவனத்துக்கு நடுவே ஒரே ஒரு மீன் இனத்தைக் காப்பாற்ற ஒரு சரணாலயம் இருப்பதாகப் படித்தேன். பேரனுக்கு எட்டு வயது, வீட்டில் மீன் தொட்டி வைத்திருக்கிறான். போய்ப் பார்க்கத் தகுந்த இடமா? வெந்நீர் ஊற்று என்கிறார்களே, குளிக்க விடுவார்களா? மலைக்குகைக்குள் நீல மீன்கள் இருக்கும் இடம் இதுதானா?"

போகலாம் ஐயா, கட்டாயம் போங்கள். குளிக்க முடியாது. குகை மீன் இருப்பது வேறு இடம், அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒரு எச்சரிக்கை. சரணாலயம் என்றதும் வேடந்தாங்கலையோ முதுமலையையோ மனத்தில் வைத்துக்கொண்டு போனால் ஏமாந்துவிடுவீர்கள். மோவாப்பா பள்ளத்தாக்குத் தேசிய வனவிலங்குப் புகலிடத்தின் மொத்தப் பரப்பே சுமார் 117 ஏக்கர்தான். எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஒரு பெரிய பண்ணையார் வைத்திருந்த தென்னந்தோப்பு இதைவிடப் பெரியது. என் மைத்துனரை அழைத்துப்போனபோது, வண்டியை நிறுத்தியதும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "நுழைவாயில் எங்கே?" என்று கேட்டார். அவர் நின்றுகொண்டிருந்தது நுழைவாயிலுக்கு உள்ளே.

அந்த இடத்தின் சிறப்பு தரையில் கசியும் தண்ணீர். சுற்றிலும் மொஹாவே பாலைவனம், கருகிய குன்றுகள், முட்புதர். நடுவே திடீரென்று பச்சை. சரணாலயத்திலும் அதை ஒட்டிய நிலங்களிலும் பல இடங்களில் சுனைகள் ஊறி, ஓடைகளாகச் சேர்ந்து மடி ஆறு என்ற சிற்றாறாகி, கடைசியில் ஹூவர் அணையின் மீட் ஏரியில் கலக்கின்றன. தண்ணீர் ஊறும் இடத்தில் வெப்பம் ஏறத்தாழ 32 டிகிரி செல்சியஸ், கோடையிலும் குளிர்காலத்திலும் அதே அளவு. டிசம்பர் காலையில் போனால் ஓடையின்மேல் மெல்லிய ஆவி தவழ்வதைப் பார்க்கலாம். வெந்நீர் என்று சொன்னாலும் கொதிநீர் இல்லை, பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்ட விளாவிய நீரின் பதம்.

அந்தப் பதத்துக்குப் பழகிப்போன மீன்தான் மோவாப்பா டேஸ். கெண்டைகளின் உறவுக்காரன். பெரும்பாலும் விரல் நீளம்தான் இருக்கும், மிகப் பெரியது 12 சென்டிமீட்டர். உடல் ஆலிவ் பச்சை, வயிறு வெளுப்பு, வால் தொடங்கும் இடத்தில் அழுத்திவைத்த மைப்பொட்டுப் போல ஒரு கரும்புள்ளி. செதில்கள் மிகச் சிறியவை, தோலுக்குள் புதைந்தவை. அதனால் தொட்டால் தோல்போல இருக்குமாம். 1948இல் இதை முதன்முதலில் அறிவியலுக்கு விவரித்த ஹப்ஸும் மில்லரும் பெயரிலேயே அதைப் பொறித்துவிட்டார்கள். மோவாப்பா கோரியேசியா என்ற பெயரின் பின்பாதிக்குத் தோல் போன்றது என்று பொருள். இந்தப் பேரினத்தில் இது ஒன்றே ஒன்றுதான். மடி ஆற்றின் மேல்பகுதியையும் இந்தச் சுனைகளையும் விட்டால் உலகில் வேறெங்கும் இயற்கையாக இது இல்லை. 1967இலேயே அமெரிக்க அரசு அருகிவரும் உயிரினங்களின் பட்டியலில் சேர்த்தது. 1979 செப்டம்பரில் இந்த மீனுக்காகவே சரணாலயம் உருவானது.

இந்த மீனின் வாழ்க்கைமுறை கொஞ்சம் வித்தியாசமானது. முட்டையிட அதற்குச் சுனையின் வாய் வேண்டும். 30 முதல் 32 டிகிரி வரை உள்ள வெதுவெதுப்பான நீரில்தான் குஞ்சுகளைக் காண முடிகிறது. ஆனால் நன்றாக வளர வேண்டுமென்றால் கீழே போய், தண்ணீர் நிறைய ஓடும் ஆற்றில் தின்று கொழுக்க வேண்டும். ஓடையில் உள்ளவை சிறுத்தே இருக்கும், ஆற்றுக்குப் போனவை பெருக்கும். பெரிய பெண் மீன் நூற்றுக்கணக்கில் முட்டை சுமக்கும், சிறியது சில பத்துகளோடு நின்றுவிடும். ஆகவே பிறந்த வீட்டுக்கும் பிழைக்கப் போன ஊருக்கும் இடையே வழி அடைபடக் கூடாது. அடைபட்டது. அந்தக் கதையைச் சொன்னால்தான் உங்கள் பேரன் அங்கே எதைத் தேட வேண்டும் என்று புரியும்.

இந்தச் சுனைகள் இருந்த இடம் சரணாலயமாவதற்கு முன் உல்லாச விடுதிகளாக இருந்தது. சுனை வாய்களைச் சுற்றிச் சிமென்ட் பூசி நீச்சல் குளங்களாக்கினார்கள். குளத்து நீரில் குளோரின் போட்டார்கள். ஓடைகளைக் குழாய்க்குள்ளும் வாய்க்காலுக்குள்ளும் திருப்பினார்கள். நெவாடாவின் வெயிலில் வெதுவெதுப்பான நீச்சல் குளம் யாருக்குத்தான் பிடிக்காது? சரணாலயமாக்கிய பிறகு சிமென்டைப் பெயர்த்தெடுத்து, சரளை கொட்டி, ஓடையைப் பழையபடி வளைத்துவிட வருடக்கணக்கில் வேலை நடந்தது. பெடர்சன், பிளம்மர், ஆப்கார் என்று மூன்று துண்டுகளாகச் சரணாலயம் இன்று இருக்கிறது. இந்த வேலைகளும் இடத்தின் சிறுமையும் காரணமாக நெடுங்காலம் பொதுமக்களை உள்ளே விடவே இல்லை. குளிக்க விடுவார்களா என்ற உங்கள் கேள்விக்கு நான் சட்டென்று மறுப்புச் சொன்னதன் பின்னணி இதுதான்.

அடுத்த எதிரியை நீங்கள் நன்றாக அறிவீர்கள். சந்தையில் கூறு போட்டு விற்கும் ஜிலேபிக் கெண்டை இருக்கிறதே, திலேப்பியா, அதன் நெருங்கிய உறவான நீலத் திலேப்பியா 1990களின் நடுவில் மீட் ஏரிப் பக்கத்திலிருந்து மடி ஆற்றில் ஏறி வந்தது. நம் ஊர் ஏரிகளில் ஜிலேபி புகுந்த பிறகு நாட்டு மீன்கள் என்ன ஆயின என்று எந்த வலைக்காரரைக் கேட்டாலும் சொல்வார். இங்கும் அதே கதை. 1994இல் சுமார் 3,800 டேஸ்கள் எண்ணப்பட்டன. மூன்றே வருடத்தில் அது 1,600க்கும் கீழே வந்துவிட்டது. ஆற்றுக்குப் போன மீன்கள் திரும்பவில்லை. ஓடையில் தங்கிய சிறியவை மட்டும் மிஞ்சின. திலேப்பியா மேலேறாதபடி தடுப்புகள் கட்டினார்கள். ஆனால் அதே தடுப்பு டேஸுக்கும் வழியை அடைத்தது. பிறகு நாட்டு மீன்களைப் பிடித்துப் பத்திரப்படுத்திவிட்டு, செடி வேர்களிலிருந்து எடுக்கும் ரோட்டினோன் என்ற மீன் நஞ்சை ஓடைகளில் விட்டுத் திலேப்பியாவைப் பகுதி பகுதியாக ஒழித்தார்கள். பேரனின் தொட்டியில் மோலி மீன் இருந்தால் அவனிடம் சொல்லுங்கள், அவன் வளர்க்கும் மோலியின் சொந்தக்காரர்களையும் யாரோ 1960களில் இங்கே கொண்டுவந்து விட்டார்கள். அவை டேஸ் குஞ்சுகளுக்கு இன்றும் தொல்லை. தொட்டி அலுத்துப்போனால் மீனை ஆற்றில் விடக் கூடாது என்பதை எட்டு வயதில் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

2008 பிப்ரவரிக் கணக்கெடுப்பில் 459. ஒரு முழு இனமே ஒரு நடுத்தரக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துவிடும் அளவு. பிறகு எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டி மீண்டது. எப்படி எண்ணுகிறார்கள் என்பது நான் மிகவும் ரசிக்கும் விஷயம். முகமூடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு, முழங்கால் ஆழம்கூட இல்லாத ஓடையில் குப்புறப் படுத்து, நீரோட்டத்துக்கு எதிராகத் தவழ்ந்தபடியே ஒவ்வொன்றாக எண்ணுகிறார்கள். கடலில் செய்யும் வேலையை வாய்க்காலில் செய்கிறார்கள்.

பனைமரங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களுக்கு முதலில் பிடித்துப்போவது அவைதான். நம் பனையைப் போலவே விசிறி ஓலை கொண்ட கலிபோர்னியப் பனை. காய்ந்த ஓலை உதிராமல் மரத்தைச் சுற்றிப் பாவாடைபோலத் தொங்கும். படம் எடுக்க அழகு. மீனுக்கு எமன். வேர்கள் சுனையின் வாயை அடைக்கின்றன, ஓலைகள் ஓடையை மூடுகின்றன, எல்லாவற்றையும்விட நெருப்பு. கார்த்திகையில் சொக்கப்பனை கொளுத்திப் பார்த்தவருக்கு விளக்கத் தேவையில்லை. 1994இலும் 2010 ஜூலையிலும் இந்தப் பகுதியில் பெருந்தீ பரவியது. இந்த மரங்களை இந்த மண்ணுக்கு உரியவையாக அதிகாரிகள் கருதுவதில்லை, அதனால் சுனைகளைச் சுற்றி வெட்டிக் குறைத்துவிட்டார்கள். பாலைவனத்தில் மரத்தை வெட்டும் வனத்துறையா என்று எனக்கே முதலில் கோபம் வந்தது. கரிந்த அடிமரங்களைப் பார்த்த பிறகு அடங்கிவிட்டேன்.

இனி நான் உண்மையில் பேச விரும்பும் விஷயம். இந்த நீர் எங்கிருந்து வருகிறது? இங்கே பெய்யும் மழையிலிருந்து வருவதில்லை, இங்கே மழையே அபூர்வம். வடக்கே நெடுந்தொலைவில் உள்ள மலைகளில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் உருகிய பனி, சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளுக்குள் இறங்கி, ஆழத்தில் சூடேறி, பல பள்ளத்தாக்குகளுக்கு அடியில் ஊர்ந்து இங்கே மேலே வருகிறது. பனியுகத்தில் மேலே ஓடிய வெள்ளை ஆறு என்ற பேராறு வறண்டுபோய், அடியில் மட்டும் ஓட்டம் மிஞ்சியிருக்கிறது. அந்த ஆற்றின் மீன்களில் சில, ஆங்காங்கே சுனைகளில் ஒதுங்கித் தனித்தனி இனங்களாகிவிட்டன.

கோவை, நாமக்கல் பக்கத்துக்காரர்களுக்கு அடுத்தது எளிதில் புரியும். அடுத்த காட்டுக்காரர் ஆயிரம் அடிக்கு போர் போட்டால் நம் கிணறு என்ன ஆகும்? மோவாப்பாவுக்கு வடமேற்கே கயோட்டி ஸ்பிரிங்ஸ் பள்ளத்தாக்கில் ஒரு புதிய நகரமே கட்டத் திட்டமிட்டார்கள். அதற்கும் வேறு பல தேவைகளுக்கும் நிலத்தடி நீர் கேட்டு விண்ணப்பங்கள் குவிந்தன. நெவாடா மாநிலத்தின் நீர் அதிகாரி ஒரு நல்ல காரியம் செய்தார். முதலில் இறைத்துப் பாருங்கள், என்ன ஆகிறது என்று அளந்து பிறகு முடிவு செய்வோம் என்றார். 2010 நவம்பரிலிருந்து 2012 இறுதிவரை இரண்டு வருடத்துக்கு மேல் இறைத்தார்கள். இறைத்த முக்கியக் கிணற்றின் பெயர் எம்.எக்ஸ்.-5. எம்.எக்ஸ். என்ற அணு ஏவுகணைகளை இந்தப் பாலைவனத்தில் பதுக்கிவைக்க ஒரு காலத்தில் திட்டமிருந்ததல்லவா, அதற்காகத் தோண்டிய ஆய்வுக் கிணறு அது. ஏவுகணை வரவில்லை, கிணறு நின்றுவிட்டது.

இறைக்க இறைக்க, பல கிலோமீட்டர் தள்ளியிருந்த சரணாலயத்தின் சுனைகள் இளைத்தன. குறிப்பாகப் பெடர்சன் சுனைகள். அவைதான் மற்றவற்றைவிட உயரமான இடத்தில் இருப்பவை. தொட்டியில் நீர் இறங்கினால் மேலே உள்ள துளைதான் முதலில் நிற்கும். அதே வேகத்தில் தொடர்ந்திருந்தால் அவை சில ஆண்டுகளில் வற்றியிருக்கும் என்று மத்திய அரசுத் துறைகள் கணித்தன. டேஸ் முட்டையிடும் நல்ல இடங்களில் சில அங்கேதான் உள்ளன.

இதற்கு முன்பே, 2006இல், நீர் எடுப்பவர்களும் மீன், வனவிலங்குத் துறையும் மோவாப்பா பையூட் பழங்குடியினரும் சேர்ந்து ஓர் ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். வார்ம் ஸ்பிரிங்ஸ் மேற்கு என்ற அளவைப் புள்ளியில் ஓட்டம் விநாடிக்கு 3.2 கன அடியைத் தொட்டால் எல்லோரும் உட்கார்ந்து பேச வேண்டும், இன்னும் இறங்கினால் இறைப்பைக் குறைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. மேட்டூர் திறப்பை ஆயிரக்கணக்கான கன அடிகளில் கேட்டுப் பழகிய காதுக்கு இந்த எண் வேடிக்கையாக இருக்கலாம். ஓர் இனத்தின் தலைவிதி தசமப் புள்ளிக்குப் பின்னால் நிற்கிறது.

2020இல் நீர் அதிகாரி ஒரு படி மேலே போனார். தனித்தனியாகக் கணக்கிடப்பட்டுவந்த ஏழு பள்ளத்தாக்குகளின் நிலத்தடி நீரும் அடியில் ஒன்றுதான் என்று கூறி, எல்லாவற்றிலும் சேர்த்து ஆண்டுக்கு 8,000 ஏக்கர் அடிக்கு மேல் எடுக்கக் கூடாது என்றார். நம் கணக்கில் ஒரு டி.எம்.சி.யில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றே கூடுதல், அவ்வளவுதான். கயோட்டி ஸ்பிரிங்ஸ் நகரத்தைக் கட்டத் திட்டமிட்ட நில நிறுவனம் வழக்குப் போட்டது. கீழ் நீதிமன்றம் 2022இல் உத்தரவை ரத்து செய்தது. 2024 ஜனவரியில் நெவாடா உச்ச நீதிமன்றம், நிலத்தடியில் இணைந்திருக்கும் நீரைச் சேர்த்தே நிர்வகிக்க அதிகாரிக்கு உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. இந்த வழக்குகளில் விரல் நீள மீன் திரும்பத் திரும்ப வந்துபோகிறது.

ஒரு முரணையும் சொல்லிவிடுகிறேன். சரணாலயத்தை ஒட்டிய சுமார் 1,220 ஏக்கரை 2007இல் வாங்கியது லாஸ் வேகாஸுக்குக் குடிநீர் தரும் நீர் ஆணையம். நகரத்துக்கு நீர் தேடுவதும் அவர்கள்தான், மீனுக்காக அங்கே ஓடைகளைச் சீரமைத்ததும் அவர்கள்தான். அவர்கள் செய்த வேலையை நேரில் பார்த்தால் குறை சொல்ல மனம் வராது.

சரி, பயண விவரங்கள். லாஸ் வேகாஸிலிருந்து வடகிழக்கே சுமார் 60 மைல், ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். 15ஆம் எண் நெடுஞ்சாலையில் போய், 90ஆம் எண் வெளியேற்றத்தில் கிளென்டேல் அருகே இறங்கி, 168ஆம் எண் சாலையில் மேற்கே திரும்ப வேண்டும். வழிகாட்டும் செயலியில் வெறுமனே மோவாப்பா பள்ளத்தாக்கு என்று போட்டால் ஓவர்டன் ஊருக்குக் கொண்டுபோய் விட்டுவிடும், அது ஆற்றின் கீழ்ப்பகுதி. சரணாலயம் என்று சேர்த்துப் போடுங்கள். 75ஆம் எண் வெளியேற்றத்தில் பையூட் மக்கள் நடத்தும் கடை இருக்கிறது. பெட்ரோல், தின்பண்டம், கழிப்பறை எல்லாவற்றையும் அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். அனுமதி இலவசம். கோடையில் மூடிவிடுவார்கள். செப்டம்பர் தொடக்கத்திலிருந்து மே இறுதிவரை வெள்ளி, சனி, ஞாயிறு மட்டும், காலை 9 முதல் பிற்பகல் 3 வரை திறந்திருப்பது வழக்கம். நான் முதல்முறை ஒரு செவ்வாய்க்கிழமை போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு வந்தேன். விடுமுறைக் காலமாகவும் இருப்பதால் கிளம்பும் முன் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

உள்ளே நடைபாதை குறுகியது, முட்டி வலி உள்ளவர்களுக்கும் சிரமம் இல்லை. நேரே பிளம்மர் பகுதிக்குப் போங்கள். ஓடையின் பக்கவாட்டில் கண்ணாடி பதித்து, தண்ணீரின் உள்ளே நேராகப் பார்க்கும்படி ஒரு அமைப்பு இருக்கிறது. பேரனுக்குத் தொட்டி மாதிரியே தெரியும், ஆனால் யாரும் தீனி போடாத தொட்டி. முதல் இரண்டு நிமிடம் எதுவும் தெரியாது. பிறகு குட்டையாக, பக்கவாட்டில் கரும்புள்ளிகள் வரிசையாக உள்ள மீன் ஒன்று ஓட்டம் குறைந்த மூலையில் தெரிந்தால் அது ஸ்பிரிங்ஃபிஷ், அதுவும் இந்த மண்ணின் மீன்தான். டேஸ் ஓட்டத்தில் இருக்கும். நீரோட்டத்தை எதிர்த்து, ஒரே இடத்தில் நின்றபடி வாலை ஆட்டிக்கொண்டு, மிதந்து வரும் பூச்சிகளுக்குக் காத்திருக்கும். வாலடியில் அந்த மைப்பொட்டைத் தேடச் சொல்லுங்கள். ஒரு மணி நேரம் போதும். பறவை பார்க்கும் பழக்கம் இருந்தால் இரண்டு.

நீங்கள் கேட்ட குகை மீன் டெவில்ஸ் ஹோல் பப்ஃபிஷ். அது லாஸ் வேகாஸுக்கு மேற்கே, ஆஷ் மெடோஸ் சரணாலயத்துக்குள் இருந்தாலும் மரணப் பள்ளத்தாக்குத் தேசியப் பூங்காவின் கட்டுப்பாட்டில் உள்ள ஒரு பாறைப் பிளவில் இருக்கிறது. வேலிக்கு வெளியே உயரத்திலிருந்து பார்க்கலாம். ஓர் அங்குலமே உள்ள மீன் அங்கிருந்து கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஆஷ் மெடோஸின் மற்றச் சுனைகளில் மரப்பலகை நடைபாதையில் நின்று அதன் உறவுக்கார நீல மீன்களைத் தாராளமாகப் பார்க்கலாம். இரண்டும் எதிரெதிர்த் திசைகள், ஒரே நாளில் முடிக்க முயலாதீர்கள்.

மோவாப்பாவிலிருந்து திரும்பும்போது வந்த வழியே வராமல், 168ஆம் எண் சாலையில் தொடர்ந்து மேற்கே போய் 93ஆம் எண் சாலையைப் பிடியுங்கள். கொஞ்சம்தான் சுற்று. அந்தச் சந்திப்புக்குப் பக்கத்தில் சாம்பல் நிறப் பாலைவனத்தில் திடீரென்று புல் பச்சையாகத் தெரியும். கயோட்டி ஸ்பிரிங்ஸ் நகரத்துக்காக 2008இல் திறந்த கோல்ஃப் மைதானம். மகனை வண்டியை ஓரம் கட்டச் சொல்லி, பேரனிடம் வீடுகள் எங்கே என்று தேடச் சொல்லுங்கள்.